ஏலக்காய் மணத்த போல்ட்

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைக்கோடு மட்டும் முடிவாகாமல் இருந்த வருஷங்களில் நகரிப் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் சிலர் மிச்சம் இருக்கிறோம். இப்போது சந்தித்தால் முதலில் மாத்திரைப் பெயர்களைச் சொல்லிக்கொள்கிறோம். பிறகுதான் பழைய கதை. அந்தப் பழைய கதையிலும் நீங்கள் எல்லோரும் ஊர்வலம், கூட்டம், வரைபடம் என்று பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் காலம் என்றால் ஞாபகத்துக்கு வருவது ஒரு போல்ட். என் கட்டைவிரல் பருமன், ஆறு பட்டைத் தலை. அதைப் பற்றி, முடிந்தவரை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

நகரிக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் நிலம். நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய அண்ணன் பெரியநைனாவும் ஒரே குடும்பமாக இருந்து கரும்பு போட்டார்கள். தை பிறந்தால் வெட்டு. கரும்பை ஆலையில் ஆட்டி, சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, வெல்லமாக்கி, சித்தூர் மண்டிக்கு வண்டியில் அனுப்புவோம். ஊருக்கு ஊர் "நாம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்று விவாதம் நடந்துகொண்டிருந்தபோது பெரியநைனா ஒரே பதில் வைத்திருந்தார்.

"எந்தப் பக்கம் போனா இன்னா? வெல்லம் சித்தூருக்குத்தான போவும்?"

வெல்லத்தைப் பற்றி அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. முதலில் வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பார். ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். "ரெண்டாம் கொப்பரை. தீ ஒரு கை ஜாஸ்தி" என்பார். மண்டியில் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தகராறு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை எங்கள் வெல்லத்தையே ருசி பார்த்துவிட்டு, "இது மட்டம்" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டு வந்தார். நைனா அன்று சாப்பிடவில்லை.

ஆலையைச் சுற்றியவை மாடுகள். ஆலையிலிருந்து நீண்டிருக்கும் மரத்தின் நுனியில் ஒரு பிள்ளை உட்கார்ந்து அவற்றை ஓட்ட வேண்டும். என் அக்கா நாலாம் கிளாஸ் படித்துக்கொண்டிருந்தபோது, "இந்த ஒரு பருவம்தான்" என்று அவளைக் கூப்பிட்டார்கள். போனவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. அவளுடைய சிலேட்டு மோர்ப்பானைக்கு மூடியாயிற்று. அவள் பெரியவளானதும் மரத்தின் நுனி காலியாக இருந்தது. வீட்டில் அடுத்த பிள்ளை நான். நான் ஐந்தாம் கிளாஸ்.

அந்த வருஷம்தான் நைனா, கொட்டகைக்குள் ஒரு புது ஆலை வைத்து, அதை ஓட்ட ஆயில் இஞ்சின் வாங்கினார். மெட்ராசிலிருந்து ரயிலில் வந்து, நகரி ஸ்டேஷனில் இறங்கி, எங்கள் வண்டியிலேயே வீடு வந்து சேர்ந்தது. பச்சை வர்ணம், பக்கத்துக்கு ஒரு சக்கரம், மேலே புகைக்குழாய். பெரியநைனா அதை மூன்று தடவை சுற்றிவந்தார்.

"இது இன்னாடா துன்னும்?"

"டீசல்ணா."

"சாணி போடுமா?"

"போடாதுண்ணா."

"அப்ப இது இன்னாத்துக்கு?"

நைனா தரையைப் பார்த்துக்கொண்டு, "பாப்பா படிக்கட்டும்ணா. மாடு ஓட்ட ஆளு வேணாம் பாரு" என்றார். அண்ணன் எதிரில் நைனா அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பெரியநைனா கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "சரி, ஓட்டு. ஆனா வெட்டுன கரும்பு மூணு நாளுக்கு மேல தாங்காது. எப்பனா இது மூணு நாள் சேந்தாப்புல நின்னுச்சின்னா, வந்த ரயிலுலயே திருப்பி ஏத்திடணும். அப்பறம் பாப்பா மாடு ஓட்டுவா. பேச்சு மாறக்கூடாது."

மாறமாட்டேன் என்று நைனா ஒப்புக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பருவத்தின் முதல் கொப்பரைப் பாகு மனிதருக்குக் கிடையாது. அதில் ஏலக்காயைத் தட்டிப்போட்டு, ஒரு சொம்பு எடுத்து ஆலையின் தலையில் ஊற்றிக் கற்பூரம் காட்டுவார்கள். விற்கிற வெல்லத்தில் ஏலக்காய் சேர்ப்பதில்லை. அந்த வருஷமும் பெரியநைனா மடித்துக் கட்டிய வேட்டியோடு, கொதிக்கிற சொம்பைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தார். வெளியே நின்ற பழைய ஆலையைப் பார்த்தார். உள்ளே நின்ற இஞ்சினைப் பார்த்தார். நைனா கையை நீட்டுவதற்குள் சொம்பைக் கவிழ்த்துவிட்டார். பச்சை இஞ்சின் பழுப்பாகி வழிந்தது. மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் முறைப்படி நடந்தன. பிறகு நைனா ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் இஞ்சினைத் துடைத்தார்.

மூன்று வாரம் இஞ்சின் நன்றாக ஓடியது. நான் நன்றாகப் பள்ளிக்கூடம் போனேன். தூரத்திலிருந்தே 'டுப் டுப்' சத்தம் கேட்கும். அது கேட்கும்வரை நான் படிப்பேன் என்று அர்த்தம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் பள்ளிக்கூடம் புறப்படும் முன், நைனா எண்ணெய் பார்ப்பதற்காக இஞ்சினின் பக்கத்து மூடியைத் திறக்க உட்கார்ந்தார். மூடிக்கு நான்கு போல்ட். மூன்று வந்துவிட்டன. வலப்பக்கம் மேலே இருந்த நாலாவது வரவில்லை. ஸ்பேனரை மாற்றிப் பிடித்தார். பிறகு ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்தார். 'டக்' என்று ஒரு சத்தம். நைனா தரையில் இருந்தார். போல்ட்டின் தலை, அரை விரல் கழுத்தோடு, உருண்டு வந்து என் காலடியில் நின்றது. மிச்சம் உள்ளேயே தங்கிவிட்டது.

நான் தலையை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று போல்ட்டோடு ஓட்டிப் பார்த்தார்கள். மூடி ஓரத்திலிருந்து கறுப்பு எண்ணெய் தெறித்துக் கரும்புச் சாற்றில் விழுந்தது. ஒரு கொப்பரைச் சாறு முழுதும் வரப்பில் போயிற்று. இஞ்சினை நிறுத்திவிட்டார்கள். கொட்டகைக்கு வெளியே இரண்டு வண்டிக் கரும்பு வெட்டிக் கிடந்தது.

பெரியநைனா சத்தம் போடவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மாடுகளை அவிழ்க்கப் போனார். அன்று மத்தியானமே நான் மரத்தின் நுனியில் ஏறினேன்.

அதில் உட்கார்ந்தவர்கள் உங்களில் இருந்தால் உங்களுக்குத் தெரியும். முதல் ஐம்பது சுற்று மாடு நகரும். அதன்பிறகு மாடு நின்றுவிடும். கொட்டகை, அம்மா, வேப்பமரம், நகரி மலை எல்லாம் உங்களைச் சுற்ற ஆரம்பிக்கும். இறங்கி நின்றால் பூமி சரியும். நான் முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு சுற்று எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்றாவதில் வாந்தி எடுத்தேன். அம்மா மோர் கொண்டுவந்தாள். மூடியிருந்த சிலேட்டை அவள் எடுத்த விதத்தில் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை புத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். லாரி வேலை செய்கிறவர். சைக்கிளில் பெரிய பை, காதில் பென்சில். தமிழையும் தெலுங்கையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். எங்கள் ஊரில் அது அதிசயம் இல்லை. அவர் வேகம்தான் அதிசயம். ஓட்டையை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இது மெட்ராஸ் போல்ட்டய்யா. ஆந்திரா ஸ்பேனருக்கு எப்டி வரும்? எல்லைக் கமிஷன் வெச்சித்தான் எடுக்கணும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை.

மெக்கானிக் முதலில் துரு இளகக் கிருஷ்ணாயில் விட்டார். ஒரு மணிநேரம் ஊறட்டும் என்றார். பிறகு ஒரு கூரான உளியை, உள்ளே இருந்த துண்டின் ஓரத்தில் சாய்வாக வைத்து, திரும்பவேண்டிய திசையில் தட்டினார். உளியின் பள்ளம் விழுந்ததே தவிரத் துண்டு அசையவில்லை. மறுபடி கிருஷ்ணாயில். மறுபடி உளி. வெயில் ஏறியபோது பானை ஓட்டில் கரி நெருப்பு எடுத்துவந்து, இரும்பு விரியட்டும் என்று அந்த மூலையில் மட்டும் சூடு காட்டினார். மெல்லப் புகை வந்தது.

"பாருங்க, துரு வேவுது" என்றார்.

இப்போது யோசித்தால் அந்த வாசனை என் மூக்கில் இருக்கிறது. பாயச வாசனை. ஆனால் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் எது பாயச வாசனை வீசவில்லை? எங்கள் துணி, தலைமயிர், மாட்டின் கொம்பு, எல்லாமே அந்த வாசனைதான். அங்கே இருந்த பத்துப் பேருக்கும் மூக்கு இருந்தது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. வேறு எந்தத் தொழில்காரன் கொட்டகையிலும் யாராவது ஒருவர், "என்னய்யா இது, இஞ்சினில் இனிப்பு வாசனை?" என்று கேட்டிருப்பார்.

அன்று மாலை பெரியநைனா இரண்டு விரலைக் காட்டினார். நைனா திருப்பதிக்கு முடி வேண்டிக்கொண்டார். அவர் தலையில் அப்போதே வேண்டிக்கொள்கிற அளவுக்கு முடி இல்லை. "மீசையும் சேத்து வேண்டிக்கோ" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள். வெளியே கிடந்த கரும்பின் வெட்டுவாய் சிவந்து காய்ந்துகொண்டிருந்தது. மாடுகளால் கால்வாசியைக்கூட ஆட்ட முடியவில்லை. மத்தியானம் மெக்கானிக் உளியைப் பைக்குள் போட்டார்.

"நம்மால ஆவாது. ரேணிகுண்டாவில தெரிஞ்சவரு கிட்ட டிரில்லு கீது. எத்துக்கினு வர ரெண்டு ரோஜு ஆவும்."

"ரெண்டு நாளா?" என்றார் நைனா. பெரியநைனா பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் மூன்றாவது விரல் தெரியும்.

நான் மரத்தின் நுனியில் சுற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுதால் மாடு நின்றுவிடும் என்பதால் அழவில்லை. மடிப்பில் இருந்த போல்ட் தலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். சிலேட்டுப் பலப்பம் தின்னாதவர் நம்மில் யார்? புளியங்கொட்டை, செம்மண், சட்டைப் பித்தான், எதை விட்டுவைத்தோம்? எனக்கு அன்று ஒரு போல்ட் கிடைத்தது, அவ்வளவுதான். முதலில் எண்ணெய்க் கசப்பு. துப்பினேன். பிறகு இரும்பின் புளிப்பு. பிறகு நாக்கு கழுத்துப் பக்கம், மரைக்குப் போயிற்று. அங்கே இனித்தது. இன்னும் உறிஞ்சினேன். இன்னும் இனித்தது.

மாட்டை நிறுத்திவிட்டு இறங்கி, பூமி சரியச் சரிய நடந்து, நைனாவிடம் போனேன்.

"நைனா, போல்ட்டு இனிக்குது."

மெக்கானிக்தான் பதில் சொன்னார். "அம்மாயி, இந்தக் கொட்டாயில எதும்மா இனிக்கல? ரெண்டு நாளா என் மீசையே இனிக்குது."

"இல்ல, மரைக்குள்ள இனிக்குது."

நைனாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. என் கையிலிருந்து வாங்கி, வேட்டியில் துடைத்து, நக்கினார். யோசித்தார். தன் விரலையும் நக்கினார். "இனிக்கிது. ஆனா வெரலும் இனிக்கிது" என்றார். மெக்கானிக்கும் வாங்கி நக்கினார். "டீசல்ல கொஞ்சம் இனிப்பு இருக்கும்" என்று ஒரு புதுக் கருத்துச் சொன்னார். அது அவர் கையிலிருந்து வேலியோரம் நின்ற இருவர் கைக்குப் போயிற்று. அவர்களும் நக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். எல்லை விவகாரம் போலவே அதுவும் முடிவாகவில்லை.

அப்போது அம்மா கொப்பரையடியிலிருந்து, தலையைத் தூக்காமல், "மாமாவக் கேளுங்களேன்" என்றாள். பெரியநைனாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பெரியநைனாவிடம் போய், 'உங்களை ஜெயிக்க வைக்கிற இந்தப் போல்ட்டைக் கொஞ்சம் ருசி பாருங்கள்' என்று எப்படிக் கேட்பது? நைனா போகவில்லை. நான்தான் கொண்டுபோனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொம்பில் தண்ணீர் எடுத்து, மண்டியில் செய்வதைப் போலவே, மூன்று முறை வாய் கொப்பளித்தார். போல்ட் தலையை வாங்கி, மரைப் பக்கத்தை மட்டும் நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

ரொம்ப நேரம் மூடியிருந்தார். அந்த நேரத்தில் அவருக்குள் என்ன நடந்தது என்பதை நான் இந்த வயதில்தான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 'கொட்டாய் தூசுடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுத்துப் பேச அங்கே ஒரு நாக்கும் இல்லை. சாயந்திரம் இஞ்சின் வண்டி ஏறியிருக்கும்.

கண்ணைத் திறந்தார்.

"ஏலக்கா கீது" என்றார்.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் தாழ்ந்த குரலில், "மொத நாள் பாகு. நான் ஊத்துனது" என்றார்.

நைனாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. பூஜையன்று இஞ்சினை நிறுத்தி, எண்ணெய் பார்த்துவிட்டு, மூடியை வைத்துப் போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகியிருந்தார். ஸ்பேனரை எடுப்பதற்குள் சொம்பு கவிழ்ந்துவிட்டது. கொதிக்கிற பாகு மேல் போல்ட்டின் மரைக்குள் இறங்கியிருக்கிறது. அவர் வெளியே துடைத்தார். உள்ளே இருந்ததை இஞ்சின் சூடு மூன்று வாரம் காய்ச்சிக் கல்லாக்கிவிட்டது.

"தெரியாம ஊத்திட்டண்ணா நீ..." என்று நைனா ஆரம்பித்தார்.

"நீ இன்னாடா எனக்கு சமாதானம் சொல்றது? பாகு புடிச்சிகினா கிருஷ்ணாயிலு ஊத்துவாங்களா? கொப்பரைய நாம எதுல கழுவுறோம்? சுடுதண்ணி எத்துக்கினு வாடா!"

"இஞ்சினுக்கு சுடுதண்ணியா? நான் இருவது வருஷமா..." என்றார் மெக்கானிக்.

"நீ ஒக்காரு."

அம்மா ஏற்கெனவே தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள். உள்ளே போகாமல் துணியை அடைத்து, சொம்பு சொம்பாக, அந்த ஓட்டைமேல் மட்டும் ஊற்றினார்கள். ஊற்றியவர் பெரியநைனா. முதல் சொம்பில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஒரு பழுப்புக் கோடு இறங்கியது. ஆறாவதில் தரையில் எறும்பு வர ஆரம்பித்தது. மெக்கானிக் பையைத் திறந்தார். உளியை அதே பள்ளத்தில் வைத்து ஒரு தட்டு. அசையவில்லை. இன்னும் இரண்டு சொம்பு. இன்னொரு தட்டு. துண்டு மயிரிழை திரும்பியது. பிறகு அரைச் சுற்று. பிறகு மெக்கானிக் உளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலால் திருகி, துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பெரியநைனாவையே பார்த்தார்கள். அவர் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

(ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெக்கானிக் அதன்பிறகு புத்தூர் முழுக்கச் சுடுதண்ணீர் வைத்தியம் பரப்பினார். பாகு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சிக்கிக்கொண்ட போல்ட்டுக்கெல்லாம் சுடுதண்ணீர் ஊற்றி எத்தனை லாரி துருப்பிடித்ததோ, நான் அறியேன்.)

பையில் அதே அளவுக்கு ஒரு போல்ட் இருந்தது. மாட்டினார்கள். நைனா கைப்பிடியைச் சுற்ற, இஞ்சின் இருமி, புகை விட்டு, ஓடியது. பொழுது சாய்வதற்குள் ஒரு வண்டிக் கரும்பு உள்ளே போயிற்று. பந்தயத்தைப் பற்றி நைனாவும் பேசவில்லை, பெரியநைனாவும் பேசவில்லை. அதனால் நான் ஜெயித்தேனா தோற்றேனா என்பது எனக்குத் தெரியவில்லை.

தெரியாததால் மறுநாள் காலை எழுந்து, போய், பழைய ஆலையின் மரத்து நுனியில் உட்கார்ந்துகொண்டேன். மாடுகள்கூடக் கட்டவில்லை. பெரியநைனா பல் குச்சியோடு வந்தவர் நின்றுவிட்டார்.

"இங்க இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற?"

"மாடு ஓட்ட."

"பள்ளிக்கூடம் இன்னா உங்க நைனா இஞ்சினா, நீ இல்லாத தானா ஓட? எறங்கு."

அவரே என்னோடு புறப்பட்டார். துவைத்த வேட்டி, தோளில் துண்டு. நான் பின்னால் ஓடினேன். அவருக்கு இஞ்சினைக் கண்டால் ஆகாது என்றுதான் அன்றுவரை வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆகாத ஒன்றின் தலையில் சாமிப் பாகை யாராவது ஊற்றுவார்களா? முதல் நாளே அவர் அதை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டார். விரலைக் காட்டிக்கொண்டு நின்றது குடும்பத் தலைவர் என்ற முறைக்காக. இது அவர் எதிரில் எனக்குத் தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் வாத்தியார் வருகைப் பதிவில் கறாரானவர். தமிழ்ப் பிரிவில் எத்தனை பிள்ளைகள் என்று அந்த நாட்களில் அதிகாரிகள் அடிக்கடி வந்து எண்ணிக்கொண்டு போவார்கள். ஒரு தலை குறைந்தாலும் அவர் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். வாசலில் பெரியநைனாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மூணு நாளா வரலையே. இவளையும் நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நிறுத்தல சார். நிறுத்தவும் மாட்டேன். மாட்டையே விக்கப் போறேன்." பெரியநைனா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தப்பு பாப்பா மேல இல்ல. போல்ட்டு மேல பாகு ஊத்திட்டேன்."

வாத்தியார் பேனாவைத் தூக்கியபடி இருந்தார். "எது மேல எது?"

பெரியநைனா சொன்னார். முதலிலிருந்து சொன்னார். சொம்பு, ஏலக்காய், ஸ்பேனர், கிருஷ்ணாயில், நாக்கு. யார் யார் நக்கினார்கள் என்பதை வரிசை மாறாமல் சொன்னார். வகுப்பு முழுக்கக் கைகட்டிக் கேட்டது. கணக்குப் பாடம் போயிற்று. வாத்தியார் ஒருமுறைகூடச் சிரிக்காமல் கேட்டுவிட்டு, பதிவேட்டைப் பார்த்தார்.

"சரி. இதுக்குக் காரணம்னு நான் இதுல என்ன எழுதறது?"

"நடந்தத எழுதுங்க."

"கட்டத்துல எடம் இல்லீங்க" என்றார் வாத்தியார். என் பெயருக்கு நேராக மூன்று நாளுக்கும் சேர்த்து, 'உடம்பு சரியில்லை' என்று எழுதி, என்னை உள்ளே போகச் சொன்னார்.

நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வரி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு உடம்பு நன்றாகத்தானே இருந்தது? அன்று சாயங்காலம் வீட்டில் கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில், பென்சிலால், முடிந்தவரை நேரான கோட்டில் எழுதினேன்: 'செவ்வாய், புதன், வியாழன் பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்பு நன்றாக இருந்தது. போல்ட் உடைந்தது.' நான் எழுதிய முதல் குறிப்பு அதுதான்.